மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லும் மாணவர்கள்: மதுரை முஸ்லிம் மாணவர்களின் உடல்நலப் பணி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வெவ்வேறு கல்லூரிகளில் படிக்கும் முஸ்லிம் மாணவ மாணவியர் சிலர் சேர்ந்து, மருத்துவமனைக்குத் தனியாகச் செல்லத் தயங்குபவர்களுக்குத் துணையாகச் செல்வதையும், அவர்களுக்காக அலுவலர்களிடம் எடுத்துச் சொல்வதையும் ஒரு பணியாகச் செய்து வருகிறோம். பள்ளிவாசல் ஜமாஅத் கூட்டங்களிலும் கல்லூரி வளாகத்திலும் மருத்துவமனை வராந்தாவிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, இந்தக் குழுவை ஒருங்கிணைக்கும் மாணவி என்ற முறையில் நான் எழுதிய பதில்கள் இவை. சிகிச்சை பற்றிய முடிவை மருத்துவரிடமும், மார்க்கத் தீர்ப்பை உங்கள் மஹல்லா ஆலிமிடமும் (பகுதி மார்க்க அறிஞரிடமும்) கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் இருவருக்கும் நடுவில் நிற்பவர்கள்.

இந்த வேலை எப்படித் தொடங்கியது?

என் நன்னியின் (பாட்டியின்) காலில் தொடங்கியது. அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் வந்தபோது, செருப்பு கடித்துவிட்டது என்று மஞ்சளைக் குழைத்துப் போட்டு, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டார். கால் மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை. ஐந்து வாரம் அப்படியே ஓடியது. மருத்துவமனைக்கு ஏன் வரமாட்டேன் என்கிறார் என்பதற்கு வீட்டில் நாங்கள் அனைவரும் ஒரே காரணத்தை வைத்திருந்தோம்: நன்னி அந்தக் காலத்துக் கோஷா (பர்தா) பழக்கத்துப் பெண்மணி, ஆண் மருத்துவரிடம் காலைக் காட்டக் கூச்சப்படுகிறார். விரல் கறுத்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

கட்டுப் பிரித்து மருந்து வைத்தவர் ஆண்தான். நன்னி துளியும் கூச்சப்படவில்லை. ‘தம்பி, உனக்கு நிக்காஹ் ஆயிருச்சா?’ என்று அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் இந்து என்பதும் நன்னிக்கு ஒரு பொருட்டாக இல்லை. பிறகு ஒருநாள், முன்னமே ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது சொன்னார்: ‘ஒங்க அத்தா ஒரு நா மிஷினை விட்டு எந்திரிச்சா அன்னைக்கிக் கூலி போச்சு. நீ காலேஜுக்குப் போற. நான் யாரைக் கூட்டிக்கிட்டுப் போறது?’

என் அத்தா (அப்பா) புதுமண்டபத்தில் தையல் மிஷின் போட்டிருந்தவர். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்ட பிறகும் அதே தொழில்தான். கூலியும் துணையும் இல்லாத குறையை நாங்கள் மார்க்கத்தின் தலையில் போட்டுவிட்டோம் என்று அன்று புரிந்தது. எங்கள் குழு இன்றுவரை செய்துவரும் வேலையில் பெரும்பகுதி, நன்னி கேட்ட ‘யாரைக் கூட்டிக்கொண்டு போவது’ என்ற கேள்விக்கு ஆள் அனுப்புவதுதான்.

நோய்க்கு மதம் உண்டா? முஸ்லிம்களுக்கென்று தனியாக எதற்கு?

நோய்க்கு மதம் இல்லை. நோயாளியின் நாளுக்கும் உடைக்கும் உணவுக்கும் பெயருக்கும் அவரை அடக்கம் செய்யும் முறைக்கும் மதத்தோடு தொடர்பு உண்டு. மாத்திரையைக் காலையில் உணவுக்குப் பின் சாப்பிடச் சொல்லும் மருத்துவர், எதிரே இருப்பவர் ரமலான் நோன்பில் அடுத்த முப்பது நாள் காலையில் சாப்பிடவே போவதில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும். அறியாவிட்டால், அந்தத் தவறு மருத்துவருடையது என்றும் சொல்ல முடியாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். எண்ணிக்கை சிறியதாக இருப்பதால், ஒரு வார்டிலோ ஒரு வகுப்பறையிலோ நாங்கள் ஒருவர் இருவராகத்தான் இருப்போம். ஒருவர் இருவருடைய தேவை கண்ணில் படாமல் போவது இயல்பு. 2005-ல் அமைக்கப்பட்டு 2006-ல் அறிக்கை அளித்த நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு, கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் முஸ்லிம்களின் பின்தங்கிய நிலையை விரிவாக எழுதியது அனைவருக்கும் தெரியும். அதே அறிக்கை, இளங்குழந்தைகளின் உயிர் பிழைப்பில் முஸ்லிம்களின் நிலை, அவர்களுடைய வறுமையை வைத்து எதிர்பார்க்கக்கூடியதைவிட மேலாக இருந்ததையும் பதிவு செய்திருக்கிறது. இதை நான் கூட்டங்களில் வேண்டுமென்றே சொல்வேன். எங்கள் மக்கள் எல்லாவற்றிலும் கடைசி என்று பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது உண்மையும் அல்ல, மரியாதையும் அல்ல.

நடைமுறையில் எங்கள் உதவி முஸ்லிம்களோடு நிற்பதில்லை. சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் ‘இந்த ரூம் எங்கம்மா இருக்கு?’ என்று கேட்டால், உங்கள் மதம் என்ன என்று கேட்டுவிட்டா பதில் சொல்வோம்?

‘உடல்நலச் சமத்துவம்’ என்பதை எளிமையாகச் சொல்ல முடியுமா?

சித்திரை மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்பு, பக்தர்கள் அணியும் உடைகளைத் தைத்து முடிக்கும் அவசரத்தில் தையற்காரர்கள் இரவு பகலாக மிஷினில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தையற்காரர்களில் முஸ்லிம்கள் பலர். 2022-ல் ரமலானும் சித்திரைத் திருவிழாவும் சேர்ந்து வந்தபோது, நோன்போடு மிஷின் மிதித்தவர்களும் உண்டு. அரசு மருத்துவமனையில் மருத்துவம் இலவசம். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு வந்து மதியம் ஒரு மணிவரை நிற்க முடிந்தவருக்கு அது திறந்திருக்கும் விதமும், அந்த ஆறு மணி நேரத்தை விட்டால் வருடத்தின் பெரிய வருமானம் போய்விடும் ஒருவருக்குத் திறந்திருக்கும் விதமும் ஒன்றல்ல. இருவரும் ஒரே கதவு வழியாக உள்ளே போய், ஒரே அளவு சிகிச்சையோடு வெளியே வர என்ன ஏற்பாடு வேண்டும் என்று கேட்பதைத்தான் நாங்கள் சமத்துவம் என்கிறோம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்தக் கேள்விக்கு அரசு தந்த ஒரு நல்ல பதில். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் பெண் தன்னார்வலர் என்பதால், எங்கள் தெருவில் இதை மறுத்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

‘எடுத்துச் சொல்வது’ என்கிறீர்களே, உண்மையில் என்ன செய்கிறீர்கள்? போராட்டமா?

போராட்டம் செய்ததில்லை. மனு எழுதுகிறோம், எழுதத் தெரியாமல் எழுதிய முதல் மனுவின் கதையைச் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்கும் அறையில் கட்டிலைச் சுற்றி மறைப்பு இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் வராந்தாவில் இருப்பவர்களுக்கு உள்ளே படுத்திருப்பவர் தெரிவார். நெஞ்சு வலியோடு வந்த ஒரு அம்மா, புர்காவைக் கழற்ற மறுத்து, பரிசோதனை செய்துகொள்ளாமலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் கொதித்துப் போய், ‘முஸ்லிம் பெண்களின் மத உணர்வை மதித்து’ என்று தொடங்கும் இரண்டு பக்க மனுவைக் கொடுத்தோம். பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து, எங்களில் ஒருத்தி அந்த அறை வாசலில் அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததையும், ஒரு கல்லூரி மாணவி அழுதுவிட்டதையும், ஒரு ஆண் நோயாளிகூட சட்டையைக் கழற்றிவிட்டு நெளிந்ததையும் அவள் குறித்து வந்திருந்தாள். இரண்டாவது மனுவில் ‘முஸ்லிம்’ என்ற சொல்லே இல்லை. அந்த அரை நாளில் பார்த்தது மட்டும் இருந்தது.

அதை வாங்கிப் படித்த தலைமைச் செவிலியர், ‘இத யாராவது எழுதிக் குடுக்க மாட்டாங்களான்னுதான் நானும் இருந்தேன்’ என்றார். கம்பி ஏற்கெனவே சுவரில் இருந்தது, துணிதான் இல்லை. ஒரு வாரத்தில் பச்சைத் திரை தொங்கியது. மதத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. நோன்பு, ஜனாஸா (இறுதி அடக்கம்) போன்றவற்றில் அப்படித்தான் கேட்க வேண்டும், கேட்கிறோம். எதை எந்தப் பெயரால் கேட்பது என்று பார்த்துக் கேட்க வேண்டும் என்பதை அந்தத் திரை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

மருத்துவமனை அளவில் முடியாதவற்றுக்கு, திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். தகவல் தேவைப்பட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கிறோம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. மனுவின் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்க உரிமை உண்டா?

கேட்கலாம், கிடைப்பது அன்றைய பணிப் பட்டியலைப் பொறுத்தது. அவசர சிகிச்சையில் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் ஒன்று உறுதியான உரிமை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தின்படி, ஆண் மருத்துவர் ஒரு பெண்ணின் உடலைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். எங்கள் மாணவியர் பல நாட்களில் செய்யும் ஒரே வேலை அந்த இன்னொரு பெண்ணாக நிற்பதுதான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் நோன்பு வைக்கலாமா?

எங்களிடம் வரும் கேள்விகளில் பாதிக்குமேல் இதுதான். ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதம் பிறந்துவிட்டால் வேறு கேள்வியே வராது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்.

முதலில் மார்க்கத்தின் பக்கம். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் விலக்கு உண்டு என்பது அல்-பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்களில் தெளிவாக இருக்கிறது. குணமாகக்கூடியவர் வேறு நாட்களில் நோற்கலாம். தீராத நோயுள்ளவர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுக்கலாம். ஆனாலும் நம் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ‘எழுபது வருசமா விடாத நோன்பு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அவர்களோடு வாதாடுவதால் பயனில்லை. மருத்துவரையும் ஹஜ்ரத்தையும் (பள்ளிவாசல் ஆலிமையும்) ஒரே நாளில் பார்க்க வைப்பதுதான் பயன் தருகிறது. மருத்துவர் ‘உங்களுக்கு ஆபத்து’ என்று எழுதித் தருவதை ஹஜ்ரத் படித்துவிட்டு ‘அப்படியென்றால் உங்கள் மீது கடமை இல்லை’ என்று சொன்னால், பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

அடுத்து மருத்துவத்தின் பக்கம். ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அண்மையில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயங்கி விழுந்தவர்கள் ஆகியோருக்கு நோன்பு ஆபத்தானது என்று மருத்துவர்கள் பொதுவாக எச்சரிக்கிறார்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை தாழும் ஆபத்து குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளிலும் இன்சுலினிலும் அந்த ஆபத்து அதிகம். எனவே எந்த மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு மாமி குறைத்த அளவை நீங்கள் குறைக்காதீர்கள்.

மதுரையில் நோன்பின் நேரம் ஏறத்தாழ 13 மணி நேரம். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் எந்தப் பருவத்தில் ரமலான் வந்தாலும் இது பெரிதாக மாறாது. மாறுவது வெயில்தான். அந்த நேரத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்பதே பெரும்பான்மை ஆலிம்களின் கருத்து. இதைத் தெரியாமல் மாலைவரை கருவியைத் தொடாமல் இருப்பவர்கள் ஏராளம். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும், 300-க்கு மேலே ஏறினாலும் நோன்பை முறித்துவிட வேண்டும், மாலைப் பாங்கு சொல்ல ஐந்து நிமிடமே இருந்தாலும் சரி. கை நடுக்கம், திடீர் வியர்வை, பேச்சுக் குழறல் ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். ‘நோன்பு அசதி’ என்று படுக்க வைத்துவிடாதீர்கள்.

பள்ளிவாசலில் ஊற்றும் நோன்புக் கஞ்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கஞ்சியை நான் குறை சொல்லமாட்டேன். வெந்தயமும் பருப்பும் போட்டுக் காய்ச்சிய அதைவிட நல்ல முதல் உணவு கிடையாது. அதோடு சேரும் இரண்டு சமோசா, மூன்று வடை, நன்னாரி சர்பத், தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து வரும் வழியில் ஒரு ஜிகர்தண்டா, இவைதான் இரவு பத்து மணிக்குச் சர்க்கரையை முந்நூறு தாண்டி ஏற்றுகின்றன. விடியலுக்கு முந்தைய ஸஹர் உணவை விட்டுவிட்டு நோன்பு வைப்பது இதைவிடவும் ஆபத்து.

மருந்திலும் தடுப்பூசியிலும் ஹராம் (மார்க்கம் விலக்கிய) பொருட்கள் இருக்கின்றனவா?

சில கேப்ஸ்யூல்களின் உறை விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த ஜெலட்டின். அது எந்த விலங்கு என்று பெட்டியில் எழுதியிருக்காது. அதே மருந்து மாத்திரையாகவோ திரவமாகவோ கிடைக்குமா என்று மருந்தாளுநரிடம் கேட்கலாம், பல நேரம் கிடைக்கும். இன்று பயன்பாட்டில் உள்ள மனித இன்சுலின், மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளில் உருவாக்கப்படுவது. பன்றியிலிருந்து எடுத்த இன்சுலின் பழைய கதை. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது உண்மை. மாற்று இல்லாத நேரத்தில் உயிர் காக்க அதை ஏற்கலாம் என்பது நிர்ப்பந்தம் பற்றிய மார்க்கச் சட்டத்தின் பழைய விதி.

தடுப்பூசி குறித்த வதந்திகளுக்கு எந்த மதமும் விலக்கல்ல. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது தமிழ்நாடு முழுவதும் வாட்ஸ்அப்பில் பரவிய புரளியால் எல்லாச் சமூகத்துப் பெற்றோரும் தயங்கினார்கள். அப்போது நான் பள்ளியில் இருந்தேன். படிவத்தில் கையெழுத்து வாங்கி வராதவர்கள் வகுப்பில் பாதிக்கு மேல். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ அற்றதாக அறிவித்தது. அந்த நெடும் பணியில் வட இந்தியாவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளுக்கும் இமாம்களுக்கும் பங்கு இருந்தது. நாங்களும் முகாம் நடக்கும் வாரங்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானுக்குப் (உரைக்குப்) பின் இரண்டு நிமிடம் கேட்டு வாங்குகிறோம். இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினால் யாரும் நிற்கமாட்டார்கள், பிரியாணி காத்திருக்கும்.

காப்பீட்டு அட்டை எடுக்கப் போனால் ஏன் இவ்வளவு அலைச்சல்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றும் போதும். சொல்ல எளிது. எங்கள் மக்களின் அலைச்சல் முக்கால்வாசி பெயரில் இருக்கிறது.

ஆதாரில் ‘பாத்திமா பீவி’, குடும்ப அட்டையில் ‘பாத்திமா’, வாக்காளர் அட்டையில் ‘ஃபாத்திமா பேகம்’ என்றிருக்கும். மூவரும் ஒருவரே என்பது தெருவுக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆறு விதமாக எழுதிய ஒரே குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அத்தா ஒரு விதம், மூன்று மகன்கள் மூன்று விதம், எஞ்சிய இரண்டும் அத்தாவின் வேறு இரண்டு சான்றுகளில். நிக்காஹ் முடிந்து வேறு வீட்டுக்குப் போன பெண்ணின் பெயர் தாய் வீட்டு அட்டையிலேயே கிடக்கும். பிரசவ வலி வந்த பிறகுதான் அது நினைவுக்கு வரும். ஆகவே நாங்கள் நிக்காஹ் நடக்கும் வீடுகளில், விருந்து முடிந்த மறுவாரம் அட்டையில் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவைக்கிறோம். சிலர் முறைப்பார்கள். ஒரு மாமியார் மட்டும், புது மருமகளையும் சேர்த்துத் தன் மூன்று மருமகள்களின் ஆதாரையும் மறுநாளே எடுத்துவந்து நீட்டினார்.

அட்டையை நோய் வருமுன் எடுத்துவையுங்கள். வெளிநோயாளியாகப் பார்க்கும் சாதாரணக் காய்ச்சலுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

விபத்தில் இறந்தவரின் மய்யித்தைத் (உடலைத்) தர ஏன் தாமதிக்கிறார்கள்? பிரேதப் பரிசோதனையை மறுக்க முடியுமா?

விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் ஆகியவற்றில் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் சட்டப்படி நடப்பவை. குடும்பம் வேண்டாம் என்று சொல்வதால் நிற்காது. எதிர்த்து நின்று நேரத்தை இழப்பதைவிட, காவல் நிலையத்திலிருந்து விசாரணை ஆவணங்கள் மருத்துவமனைக்கு விரைவாக வந்து சேர ஒருவர் கூடவே போவதுதான் ஜனாஸாவை முந்தவைக்கும் வழி. மாலையாகிவிட்டால் மறுநாள்தான் என்ற பழைய நடைமுறையை 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் மாற்றியது. போதிய வெளிச்சமும் வசதியும் உள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம்; கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு இது பொதுவாகப் பொருந்தாது. பணம் கட்டவில்லை என்பதற்காக உடலைத் தர மறுக்கக் கூடாது என்பதும் நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இருக்கிறது.

2020-ல் நடந்தவற்றை ஏன் இன்னும் பேசுகிறீர்கள்?

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அடுத்த சில நாட்களில் டெல்லி நிஜாமுதீன் மர்கஸில் தப்லீக் ஜமாஅத் என்ற மார்க்கப் பிரச்சார அமைப்பு நடத்திய கூட்டம் செய்தியாகி, நோயின் பெயரும் ஒரு சமூகத்தின் பெயரும் ஒன்றாக உச்சரிக்கப்பட்டன. எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் பழம் விற்பவர், இருபது வருடமாகப் போய்வந்த ஒரு குடியிருப்பில் ‘இனிமே இந்தப் பக்கம் வராதீங்க பாய்’ என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பினார். அதில் அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் நான் சொல்ல வருவது அதற்குப் பின் நடந்தது. ஜூன் மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது பரிசோதனைக்குப் போகவில்லை. தன் பெயர் பட்டியலில் வந்தால் தெருவையே அடைத்துவிடுவார்கள், எல்லோரும் தன்னைத் திட்டுவார்கள் என்று பயந்தார். மூச்சுத் திணறல் வந்த பிறகே போனார், பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் குறிப்பிட்டது. நோயிலிருந்து மீண்ட ஜமாஅத்தினர் பலர் மற்ற நோயாளிகளின் சிகிச்சைக்காகத் தங்கள் இரத்தத்தின் பிளாஸ்மாவைக் கொடுத்தார்கள். இவை பழைய கணக்கைத் தீர்ப்பதற்காகச் சொல்லப்படுபவை அல்ல. பழி சுமத்தப்படும் என்று அஞ்சுகிறவர் பரிசோதனைக்கு வரமாட்டார். காசநோயிலும் இன்று இதே பயத்தைத்தான் பார்க்கிறோம்.

மனநலப் பிரச்சினைக்குத் தர்காவுக்குப் போவதை எதிர்க்கிறீர்களா?

இல்லை. துஆ (பிரார்த்தனை) கேட்பதைத் தடுக்க நாங்கள் யார்? எங்கள் குழுவிலேயே தர்காவுக்குப் போகிறவர்களும், போகக் கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதத்தை வெளியே வைத்திருக்கிறோம். நாங்கள் எதிர்ப்பது சங்கிலியை. 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவுக்குப் பெயர்பெற்ற ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்தே கொடுக்கும் ‘தவா-துவா’ முறை ஏர்வாடி தர்காவிலும் நடைமுறைக்கு வந்தது. ஜின் பிடித்திருக்கிறது என்று சொல்லும் குடும்பத்திடம் ‘ஓதிப் பாருங்கள், கூடவே இந்த மாத்திரையையும் கொடுங்கள்’ என்று சொன்னால் கேட்கிறார்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

நீங்கள் எந்தக் கட்சி? பணம் எங்கிருந்து வருகிறது? முஸ்லிம் அல்லாதவர்கள் சேரலாமா?

எந்தக் கட்சியும் இல்லை. ஆட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் நாங்களே மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் போடுகிறோம். நோயாளியிடம் தேநீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை என்பது விதி, நன்னிமார்கள் வற்புறுத்தும்போது மீறப்படும் விதி. சேரலாம், இப்போதே நால்வர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன்தான் எங்கள் குழுவில் ஸஹர் நேரப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்பவன்.

எங்கள் கல்லூரியிலும் தொடங்க விரும்புகிறோம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வைக்காதீர்கள், பேனர் அடிக்காதீர்கள். மூன்று பேர் சேர்ந்து, வாரத்தில் வகுப்பு குறைவாக உள்ள ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவமனை அலுவலரிடம் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். அனுமதி இல்லாமல் வார்டுக்குள் போகாதீர்கள், யாரையும் படம் எடுக்காதீர்கள், ஒருவரின் நோயை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள், அது உங்கள் ஜமாஅத் தலைவராகவே இருந்தாலும். முதல் நான்கு வாரம் உதவி செய்ய வேண்டாம்; சீட்டு வழங்கும் இடத்துக்கு அருகில் உட்கார்ந்து, யார் எந்த இடத்தில் திகைத்து நிற்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டே இருங்கள். எந்த அறை எங்கே, எந்தப் பரிசோதனை எத்தனை மணிவரை, எந்த வாசலில் சக்கர நாற்காலி கிடைக்கும் என்பதை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும்போது வேலையைத் தொடங்கலாம். காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில், சில்லறை, ஒரு நோட்டு, பேனா இரண்டு கொண்டுவாருங்கள். ஒரு பேனாவை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.